பின் சீட்டில் பிரேக் இல்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மாணவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே காலம் தள்ளியதால், அவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்து, கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டாள். அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

தோலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சிகிச்சை நடந்தபோது லேசாகச் சிவந்திருந்த இடது மார்பு, எல்லாம் முடிந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. கறுத்தது, அரித்தது, அக்குள் மடிப்பில் உரிந்தது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இது அதிகமாகத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். முடிந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்ட பிரேக் டீச்சர், மீதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் பழுதுபார்க்க வெளியூர் போயிருந்தார். துணைக்குத் தன் தங்கையை அனுப்பிவைத்திருந்தார். வந்த நாத்தனாரின் பெட்டியில் பாதி துணி, பாதி களிம்பு. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததைத் தவிர எதையும் தடவ மாட்டேன் என்று பிரேக் டீச்சர் கறாராகச் சொன்னாள். சொன்னதோடு சரி. மறுநாள் மத்தியானம் அரிப்பு தாங்காமல், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ரோஜா வாசனை வந்த ஒன்றை எடுத்துத் தாராளமாகப் பூசினாள். ஒரு நிமிஷம் சொர்க்கம். அடுத்த நிமிஷம் மிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. அக்குளில் நீர் கசிந்தது. கணவரின் தொளதொள சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையை மட்டும் கோழிச் சிறகு போலத் தூக்கிப் பிடித்தபடி அவள் வெளியே வந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்த நாத்தனார், ரோஜா வாசனை மூக்கில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். கசிகிறதென்றால் இன்றே வந்துவிடுங்கள் என்றார்கள். கூப்பிட்ட டாக்ஸி வந்தபாடில்லை. வீட்டுக் கார் வாசலில் நின்றது, ஆனால் அவளால் கையைத் தூக்கி ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. நாத்தனாரிடம் லைசென்ஸ் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது பர்ஸை விட்டு வெளியே வந்ததில்லை.

முன் சீட்டு பெல்ட் சரியாக நொந்த இடத்தின் மேலேயே விழுந்தது. அதனால் டிரைவருக்குப் பின்னால், பெல்ட் மறு தோளில் இறங்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். காலடியில் பிரேக் இல்லை, வெறும் கால்மிதி.

"அண்ணி, பின்னாலேர்ந்து கத்தக் கூடாது. கத்தினா அப்படியே இறங்கிப் போயிடுவேன்."

"கத்தல. முதல்ல ஹேண்ட்பிரேக்க இறக்கு."

ரவுண்டானாவுக்குள் நுழைந்த பிறகு நாத்தனாருக்கு வெளியேறத் தைரியம் வரவில்லை. முதல் சுற்றில் பிரேக் டீச்சர் கால்மிதியை ஓங்கி மிதித்தாள். இரண்டாவது சுற்றில், ஹாரன் அடித்தவர்களிடமெல்லாம் நாத்தனார் கண்ணாடிக்குள்ளிருந்தே மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது சுற்றில் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் தோல் இழுத்தது, இழுத்தால் வலித்தது, வலித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

ஒருவழியாக நேர்சாலைக்கு வந்தார்கள். எதிரில் முகம் இல்லாததாலோ என்னவோ, பிரேக் டீச்சருக்குப் பேச்சு வந்தது.

"கட்டின்னு சொன்னப்பகூட நான் அழல. இந்தத் தோலைப் பார்த்தாதான் அழுகையா வருது. கண்ணாடி மேல துண்டப் போட்டு மூடி வச்சிருக்கேன். உங்கண்ணன்கிட்டகூட காட்டல."

நாத்தனார் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்குத்தான் அந்தத் துண்டா? நான் துவைக்கப் போட்டுட்டேனே," என்றாள். சற்றுக் கழித்து, "அழணும்னா அழுங்க அண்ணி. ஆனா சிக்னல்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லிட்டு அழுங்க," என்றாள்.

நர்ஸ் திட்டவில்லை. இப்படி வாசனையோடு வந்து நிற்பவர்களில் இவள் முதல் ஆள் இல்லையாம். மெல்லக் கழுவிவிட்டு, தோலில் ஒட்டாத மெத்தென்ற கட்டு ஒன்றை வைத்தாள். சீழ் பிடிக்கவில்லை, ஆறிவிடும் என்ற டாக்டர், வேலைக்கு இன்னும் சில வாரம் பொறுக்கச் சொன்னார். தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று நர்ஸ் விசாரித்தாள். முந்திக்கொண்டு பதில் சொல்லப் போன நாத்தனார், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிரேக் டீச்சர் தானே சொன்னாள், துண்டு உட்பட. சொல்லி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது.

கட்டுக்கு அடியில் மெல்லப் புதுத்தோல் வந்தது. கணவர் ஊர் திரும்பிய மாலை, அவளாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். அவர் அருகில் வந்து நிதானமாகப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். வலி இல்லை, தொட்டால் கூசுகிறது என்றாள். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, காரின் பின்கதவில் இருக்கும் அந்த நீளக் கீறல் யாருடைய வேலை என்று கேட்டார்.

அடுத்த அறையில் நாத்தனார் சத்தமில்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.