இரண்டாம் அதிகாரத்தில் வந்தவர்கள்

பல்செட் செய்பவர் பைபிளில் யோபுவின் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்து முடித்த மதியம், அதில் வருகிற மூன்று நண்பர்களும் அவருடைய வீட்டு முன்னறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சால்வையைக் கிழித்துக்கொண்டு தலையில் புழுதியை வாரிப் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை. அவரும் யார், என்ன என்று கேட்கவில்லை. மூன்று மணிக்குக் கொடுக்க வேண்டிய மேல்வரிசை ஒன்று பாக்கியிருந்தது. அதை எடுத்து மெருகேற்ற ஆரம்பித்தார்.

மகள் இறந்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. தயாரான செட் ஒன்றை நாலு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அவர்தான் அனுப்பினார். படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது, சாயங்காலம் போகிறேன் என்றாள். பத்து நிமிஷ வேலைதானே என்றார். சைக்கிளில் போனாள், திருப்பத்தில் லாரி வந்தது. முதலில் அடித்த போன் மருத்துவமனையிலிருந்து. செட் இன்னும் வரவில்லையே, ஆள் காத்திருக்கிறார் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். அப்போதே கிளம்பியாயிற்று, வந்துவிடும் என்று இவர் பதில் சொன்னார். இரண்டாவது போன் காவல் நிலையத்திலிருந்து வந்தது. டப்பா திறந்து செட் தெருவில் கிடந்ததாம். ஒரு பல்கூடத் தெறிக்கவில்லை. மறுவாரம் அதைக் கழுவித் துடைத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார், அந்த ஆளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் அழவில்லை. கொதிக்கிற மெழுகு விரலில் சொட்டினால் தெரியாமல் போயிற்று. கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நீங்கதானே அனுப்பினீங்க என்று மனைவி கேட்பாள் என்று தினமும் எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. சாப்பாடு வைத்தாள், தட்டை எடுத்தாள்.

பைபிளைக் கொடுத்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், கீழ்வரிசைக்காக வந்தவர். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் படிக்கிற பகுதி என்று யோபுவில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிற்றை வைத்துக் கொடுத்திருந்தார். பல்செட் செய்பவருக்குச் சாமி சமாச்சாரத்தில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பிளாஸ்டர் இறுகுகிற நேரத்தில் சும்மா உட்கார முடியாமல் படித்தார். யோபுவின் ஆடுமாடும் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போன செய்தியைச் சொல்ல ஒருவன் பின் ஒருவனாக மூச்சிரைக்க ஓடிவருகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். யோபுவின் வீட்டுக்கு வந்தவர்களாவது நடந்ததைச் சொல்ல வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு நண்பர்கள் வந்து, ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்த இடம் வந்தது. புத்தகத்தில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் நர்ஸ் செட்டை உரசிச் சரிசெய்ய வந்தபோது மூவரையும் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். "மேல படிச்சீங்களா?" என்றார். இல்லை என்றார் இவர். "படிச்சா பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் லேசுல நிறுத்த மாட்டாங்க. நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்கே, அதான் உனக்கு இப்படி ஆச்சுன்னு ஆளாளுக்குப் பிடிச்சுக்குவாங்க." பல்செட் செய்பவர் அந்த நூல்கயிற்றை இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் வைத்துப் புத்தகத்தை மூடினார். ஆறு வருஷம் திறக்கவில்லை.

ஆறு வருஷமும் மூவரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அவர்களைத் தங்களுக்கு முன்னால் வந்தவர்கள் என்று நினைத்து, வரிசை நகரவில்லையே என்று அலுத்துக்கொள்வார்கள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் அவர்களுடைய கால்களைத் தாண்டிப் போய்க் குறித்துக்கொண்டான். ஆள்கணக்கு எடுக்க வந்த பெண் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கியபோது, "இவங்க குடும்பம் இல்ல, துக்கத்துக்கு வந்தவங்க" என்றாள் மனைவி. "எப்போ வந்தாங்க?" "நாலு வருஷம் ஆச்சு." அந்தப் பெண் இரண்டு பேரை மட்டும் எழுதிக்கொண்டு போனாள். தலையிலிருந்து புழுதி கொட்டிக்கொண்டே இருந்தது. தலையில் இருந்தது குறையவும் இல்லை. தினம் காலையில் மனைவி அவர்களைச் சுற்றிப் பெருக்கி ஒரு முறம் மண்ணைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டினாள். அங்கே ஒரு மேடு உண்டாகி, மூன்றாம் வருஷம் அதில் அவரைக்கொடி போட்டாள்.

ஏழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். கணவர் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். "அதைப் படிக்காதே, அவங்க பேசிடுவாங்க" என்றார்.

"பேசட்டுமே. என்ன சொல்லுவாங்க? நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொல்லுவாங்க. ஆறு வருஷமா நான் தினம் அதை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தானே பெருக்கறேன். சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு. ஒண்ணும் ஆகல."

அவள் நடுவில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசி அதிகாரத்துக்குப் போய் விரலை வைத்து மெல்லப் படித்தாள். யோபு இழந்த ஆடு, ஒட்டகம் எல்லாம் இரண்டு மடங்காக வந்துவிட்டிருந்தது. மறுபடியும் பத்துப் பிள்ளைகள். அந்த இடத்தை இன்னொரு தரம் படித்துவிட்டுச் சொன்னாள்: "புதுசாப் பொறந்த பொண்ணுங்க மூணு பேருக்கும் பேர் போட்டிருக்கு. செத்துப்போன பத்துப் பேருக்கு ஒரு பேர்கூட இல்ல." பிறகு முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவளைப் பத்தியும் ஒண்ணும் காணோம். முதல்ல ஒருதரம் கோபமாப் பேசறா, அத்தோட சரி. அவகிட்ட யாரும் வந்து உக்காரல" என்றாள்.

பல்செட் செய்பவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புது அளவெடுத்துத்தான் ஆக வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது இது. அதை இப்போது சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு. "அவ சாயங்காலம் போறேன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

"தெரியும். நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன்" என்றாள் மனைவி. பிறகு மகளின் பெயரைச் சொன்னாள். கூப்பிடுவதுபோல் இல்லை, பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்க்கிறவள்போல். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவரும் சொன்னார். நண்பர்களில் ஒருவர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்து, "வேணாம் பெரியவரே" என்றாள். அவர் மூடிக்கொண்டார்.

அவள் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். சற்றுநேரத்தில் மூவரில் மூத்தவர் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய், அவளுக்கு எதிரே இடம் பார்த்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு முன்னறையில் இரண்டு பேர், சமையலறையில் ஒருவர். முன்னறையில் கிடைத்த இடத்தில் வாடிக்கையாளருக்காக இன்னொரு நாற்காலி போட்டார்கள்.