வெட்டாத பிரதி

கையுறைக்காரரின் அலமாரியில் இருந்த பயணக் குறிப்புகளின் கடைசித் தொகுதி மழைக்காலம் முழுவதும் இருமியது. அவர் பழம் புத்தகம் சேர்ப்பவர். எதையும் வெறுங்கையால் தொடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். பூச்சியாக இருக்கும் என்று மருந்து வைத்தார். இருமல் அதிகமானது. அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்களை மடித்தபடியே தைத்து விற்பார்கள். வாங்கியவர்தான் கத்தியால் ஓரத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். அப்படிப் பிரிக்கப்படாமல் மிஞ்சியது இந்த ஒரு பிரதிதான். வெளியூரிலிருந்தெல்லாம் சேகரிப்பாளர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதை எழுதிய நாவலாசிரியர், புத்தகம் தைப்பதைப் பார்க்க பைண்டிங் கடைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வழக்கம்போல ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார் என்று மனைவி இருந்துவிட்டாள். தலை முழுக்க நரைத்த பிறகு, இருமும் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். அட்டையில் காதை வைத்தாள்.

"அவரேதான். இருமி முடிச்சதும் ஒரு செருமல் வரும் பாருங்க. வெட்டி விடுங்க தம்பி."

"வெட்டினா இதோட மதிப்பே போயிடும்மா."

"மதிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு ஆளு வேணும்."

கையுறைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டில் இருப்பது புத்தகமா, விருந்தாளியா? சந்தேகம் தீர, புத்தகத்தின் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். காலையில் டம்ளர் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வரச்சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுத்தார். ஒவ்வொரு மடிப்பும் பிரியும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி மடிப்பிலிருந்து நாவலாசிரியர் இறங்கிச் சட்டையைத் தட்டிக்கொண்டார். போன அன்றைக்கு இருந்த அதே வயது, அதே கறுத்த மீசை. எதிரே நின்ற நரைத்த பெண்மணிக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். குரலைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

அப்படியே தெருவில் நடந்தார்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்து, "உங்க பையனாம்மா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரரு. வெளியூர் போயிருந்தாரு, இப்பதான் வந்தாரு."

பக்கத்து வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பயணமெல்லாம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்.