இசக்கி மெலிந்த கதையை எழுதப்போய்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கழக்கூட்டத்தில் பெண்கள் விடுதிகள் வரிசையாக இருக்கும் சந்து முனையில் பூமாரி தட்டுக்கடை போட்டிருக்கிறாள். ஒரு நாள் ஓம்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள்.

"எங்க வீட்டுல அவிய பட்டினி கெடந்து மெலியணுமாம். அத ஒரு கதையா எழுதுங்களேன் அண்ணாச்சி. படிச்சிட்டு நாலு பேரு மெலியட்டும்."

பகலில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து, மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன் நான். என்னிடம் கதை சொல்கிறவர்கள் உண்டு. எழுதச் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. எனவே வீட்டுக்குப் போன கையோடு உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

கழக்கூட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. இசக்கியின் வயிற்றில் பசி ஒரு

(ஒரு என்ன? மிருகமா, நெருப்பா? பசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டில் ஒன்று வந்து வாசலில் நின்றுவிடுகிறது. தவிர, நான் எழுதும் திருவனந்தபுரத்தில் எப்போது பார்த்தாலும் மழை. அடித்துவிட்டேன்.)

2

இரண்டாவது தொடக்கம். இதில் மழை இல்லை.

இசக்கி சாரம் கட்டுகிறவர். மாடிமேல் மாடியாகக் கட்டடம் எழும்பும்போது, அதைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்திக் குறுக்கே கோத்து, பலகை போட்டு, கொத்தனாரும் பெயிண்டரும் நிற்க இடம் உண்டாக்கிக் கொடுக்கிறவர். எல்லாருக்கும் முன்னால் மேலே போவதும், எல்லாருக்கும் பின்னால் இறங்குவதும் அவர்தான். திசையன்விளைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, கல்யாணம் முடித்து, பூமாரியையும் அழைத்துவந்து, மலையாளம் பாதியும் நெல்லை பாதியுமாகப் பேசப் பழகிவிட்டார்.

சித்திரை மாதத்தோடு அவர் மேலே போவது நின்றது. உயரத்தில் நிற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோவரைதான் தாங்கும். வருஷாந்திரப் பரிசோதனையில் இசக்கி அதைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தார். கீழே ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஓணம் லீவு முடிந்ததும் மறுபடி எடை பார்ப்பார்கள். நூறுக்குள் வந்தால் பழைய வேலை. வராவிட்டால் ஸ்டோரே கதி.

பூமாரி இதைக் கடையில் சொல்லிப் புலம்பியபோது அங்கே இசக்கியைத் தவிர நின்றவர்கள் மூன்று பேர். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அனுஷா. நாகர்கோவில் பெண், எதிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். ஹரிகுமார், சந்து முனையில் ஆட்டோ ஓட்டுகிறவர், சுத்த மலையாளி, ஆனால் இசக்கியோடு பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். மூன்றாவது நான்.

"அண்ணா, நான் ஏற்கெனவே இருக்கேன்," என்றாள் அனுஷா. "காலைல பத்து மணிக்கு மேல சாப்பிடலாம். சாயங்காலம் ஆறோட நிறுத்திரணும். அதுக்கப்புறம் தண்ணி, பாலும் சீனியும் போடாத கட்டன் சாயா. அவ்ளோதான்."

"எங்க ஊர்ல இத விரதம்பாவ," என்றார் இசக்கி. "ஏதாவது ஒரு சாமி பேரச் சொல்லிட்டு இருப்பாவ. நான் யார் பேரச் சொல்லி இருக்க?"

"என்ற பேரு சொல்லு அண்ணா," ஹரிகுமார் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒற்றைக்கு நடக்கில்லா. ஞானும் கூடாம். ஈ வயிறு கண்டோ? ஹேண்டில்ல முட்டுது."

நானும் சேர்ந்துகொண்டேன். உடம்புக்காகப் பாதி, கதைக்காகப் பாதி.

அன்றுமுதல் ஆறு மணி என்பது அந்தச் சந்தில் ஒரு நிகழ்ச்சி. ஹரிகுமார் ஸ்டாண்டிலிருந்தே கூவுவார்: "ஆறாயி! வாய் அடச்சோ!" ஒரு நாள் ஆறடிக்கும்போது இசக்கியின் வாய்க்குள் பாதி ரசவடை இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று பெரிய வழக்காகிவிட்டது. வாய்க்குள் போய்விட்டதற்கு மணி பார்க்கக்கூடாது என்று அனுஷா தீர்ப்புச் சொல்லும்வரை மனிதர் கன்னத்தை உப்பிக்கொண்டே நின்றார்.*

பூமாரிக்குத்தான் நஷ்டம். "நல்லா இருக்கு! கடையில நல்லாத் திங்கிற நாலு ஆளும் வெறுஞ்சாயாவக் குடிச்சிட்டு வடச்சட்டியையே பாத்துட்டு நிக்கிய. நீங்க பாக்குத பார்வையில எண்ண வத்திரும் போல இருக்கு."

சொல்வாளே தவிர, அவளும் ஆறு மணிக்குமேல் வாயில் ஒன்றும் போடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இதை நானாகக் கண்டுபிடித்து இங்கே எழுதுகிறேன். படித்தால் திட்டுவாள்.

(* ஹரிகுமாரைக் கொஞ்சம் கூட்டி எழுதுகிறேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பூமாரியிடம் வாசித்துக் காட்டினேன். "நேர்ல இன்னும் சத்தம் ஜாஸ்தியில்லா," என்றாள்.)

3

எடை இறங்கியது. சனிக்கிழமைதோறும் கூட்டமாக மருந்துக்கடை வாசலுக்குப் போவோம். இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின்மேல் ஏறுவார். ஹரிகுமார் அவருடைய சட்டைப்பையிலிருந்து போனையும் சாவியையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். எண் குறைந்திருந்தால் தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி கைதட்டுவோம்.

நூறுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அங்கேயே. அதற்கடுத்த வாரம் ஏறியிருந்தது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கே என் கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. நாலு பேர் சேர்ந்து காவல் காக்கும்போது எடை ஏறுகிறதென்றால் நாலு பேரில் ஒருவர் கள்ளன். எழுதினேன்:

ஹரிகுமார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து பழம்பொரிப் பொட்டலத்தை எடுத்து இசக்கியின்

(முடிக்கவில்லை. மறுநாள் அந்த மனிதர் பேண்ட் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டு, அதை ஸ்டாண்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் பழி போட எனக்குக் கை வரவில்லை.)

4

இனி வருவது பூமாரி சொன்னது.

காலையில் பால் வாங்கப் போனவள், வழக்கமான கடையில் பால் தீர்ந்துவிட்டதால் பைபாஸ் வரைக்கும் நடந்தாள். அங்கே ஓரத்து ஹோட்டல் ஒன்றில் இசக்கியின் முதுகு தெரிந்தது. அரைமணி முன்னால் வேலைக்கென்று கிளம்பிய முதுகு. முன்னால் பரோட்டா, மாட்டுக்கறி. பத்து மணி ஆக எவ்வளவோ நேரம் இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். உள்ளே போய்த் தட்டைத் தட்டிவிட வேண்டும் என்று வாசல்வரை போனாள். அங்கே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். பசித்தவன் சாப்பிடுகிற சாப்பாடாக அது இல்லை. பிய்க்கிறார், வாயில் போடுகிறார், தண்ணீர் குடித்து இறக்குகிறார். பிடிக்காத மருந்தை விழுங்குகிற மாதிரி. இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டவளுக்கு அது தெரியாதா?

பால் பாத்திரத்தோடு போய் எதிரே உட்கார்ந்தாள்.

இசக்கி மெல்வதை நிறுத்தினார்.

"சேட்டா, எனிக்கும் ரெண்டு பரோட்டா," என்றாள் பூமாரி, சப்ளை செய்கிறவரிடம்.

பரோட்டா வந்தது. அவள் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எம் மேல ஏதும் கோவமா?"

"சே. இல்லளா."

"பொறவு?"

"மெலிஞ்சா மேல ஏறணும்லா?" என்றார் இசக்கி.

5

இந்த இடத்துக்கு நான் ஒரு காரணம் எழுதிவைத்திருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் மேலிருந்து தவறி விழுகிறார், இசக்கி அதைக் கண்ணால் பார்க்கிறார், அன்றிலிருந்து பயம். இரண்டு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. இசக்கியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"யாரும் விழல அண்ணாச்சி," என்றார்.

"கதைக்காக…"

"வேண்டாம். யாரையும் தள்ளிவிடாதீங்க."

பிறகு பூமாரியிடம் அன்று ஹோட்டலில் சொன்னதையே எனக்கும் சொன்னார். மாற்றாமல் தருகிறேன்.

"ஒண்ணுமே நடக்கல. அன்னைக்குக் காத்துகூட இல்ல. பதினோராம் மாடியில கிளாம்ப முறுக்கிட்டு கீழ பாத்தேன். தெனம் பாக்குததுதான். திடீர்னு காலு எங்காலு இல்லாத மாதிரி ஆயிட்டு. கம்பியக் கட்டிப் புடிச்சிட்டு நின்னுட்டேன். கூட நிக்க பயலுவ 'என்னண்ணே'ன்னு கேக்கானுவ. போன் வந்த மாதிரி காதுல வச்சு, அலோ அலோன்னு பேசிட்டே எறங்கிட்டேன். மறுநாளும் அப்பிடித்தான். ஏதாவது நடந்திருந்தா, அதுனால பயந்தேன்னு சொல்லலாம். ஒண்ணும் நடக்காம பயமா இருக்குன்னு யார்ட்ட போய்ச் சொல்ல? பெல்ட்டு நூறு கிலோன்னு எனக்குத் தெரியும். அதான் தின்னேன். கம்பெனிக்காரனே எறக்கி விடட்டும்னு தின்னேன்."

இறக்கிவிட்டார்கள். அப்புறம்தான் நாங்கள் நாலு பேர் வந்து சேர்ந்தோம். பாசமாக, கைதட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிலோவாக அவரை மறுபடியும் அந்தப் பதினோராம் மாடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

என் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஹோட்டலில் பூமாரி சொன்ன பதில் இது. அவளே சொல்லி, நான் எழுதியதைத் திருத்தியும் கொடுத்தாள்.

"ராத்திரி இப்பம் கொறட்ட இல்லாமத் தூங்குதிய. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கல. எனக்கு அது வேணும். மெலியுதது வேற, மேல ஏறுதது வேற. ரெண்டையும் சேத்து ஏன் சாரமாக் கட்டி வச்சிருக்கிய? அவுத்து விடுங்க."

"கூலி கொறையும்ளா."

"கொறையட்டும். தோசைக் கல்லு இருக்குல்லா."

சொல்லிவிட்டு அவர் தட்டிலிருந்த மிச்சப் பரோட்டாவை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இசக்கி அழுதாரா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி," என்றாள்.

6

முடிவுகள்.

அ) இசக்கி பயத்தை வென்று, மேலே ஏறி, கைகளை விரித்து நிற்கிறார். கீழே நாங்கள் நால்வரும் அண்ணாந்து பார்க்கிறோம். (இப்படி எழுத எனக்கு ஆசைதான். பதினோராம் மாடியில் நிற்கப்போவது நான் இல்லையே.)

ஆ) மெஷின் நூறுக்கு ஒரு முடி மேலே காட்டுகிறது. எல்லாரும் வருந்துகிறார்கள், இசக்கி மட்டும் உள்ளுக்குள் சிரிக்கிறார். (சாமர்த்தியமான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

இ) நடந்தது.

அதன்பிறகு இசக்கி ஒழுங்காக இருந்தார். ஓணம் கழிந்து மெஷினில் ஏறியபோது நூறுக்கு நன்றாகவே கீழே. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரி மஹேஷின் அறைக்குப் போனார். மஹேஷ் சின்ன வயசு. தாளைப் பார்த்துக் கைகொடுக்க எழுந்தார்.

"எடை சரியா இருக்கு சார்," என்றார் இசக்கி. "ஆளு சரியா இல்ல. மேல நின்னா காலு நடுங்குது."

மஹேஷ் நீட்டிய கையை மடக்கவில்லை. "மேல நிக்கும்போ பறஞ்ஞா ஞான் என்து செய்யும் அண்ணா? தாழ நின்னு பறஞ்ஞல்லோ. அது மதி," என்று அப்படியே கையைப் பிடித்துக் குலுக்கினார். கீழேயே நின்று சொன்னது போதும் என்றார்.

இப்போது இசக்கிக்கு யார்டில் வேலை. மேலே போகப்போகும் குழாயையும் கிளாம்பையும் தட்டிப் பார்த்து, பழுதை ஒதுக்கிவைக்கிற வேலை. பழைய கூலி இல்லை, ஸ்டோரைவிடத் தேவலாம்.

7

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஹரிகுமார் இருக்கிறார்.

எடை இறங்கிய செய்தி வந்த அன்று அவர் அந்தச் சந்து முழுவதையும் இரண்டாக்கிவிட்டார். எடை சரியென்றால் மேலே போயாயிற்று என்றுதான் அவருக்குக் கணக்கு, அனுஷாவுக்கும் அப்படியே. இசக்கி திருத்த வாய் திறப்பதற்குள் ஹரிகுமார் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அந்தக் கட்டடத்து வழியாகச் சவாரி போகும்போதெல்லாம் ஹரிகுமார் ஆட்டோவை ஓரங்கட்டி, அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டுகிறார். மேலேயிருந்து யாரோ ஒரு மஞ்சள் தொப்பிக்காரர் திருப்பிக் கையை ஆட்டுகிறார். சாயங்காலம் வந்து கேட்பார்: "இன்னைக்கு ஞான் கண்டு அண்ணா. நீங்க என்னைக் கண்டில்லே?" இசக்கி டம்ளரைப் பார்த்தபடி தலையை ஆட்டுவார்.

நான் கதை எழுதியிருக்கும் விஷயம் பூமாரி வழியாக வெளியே வந்தது. "எனிக்கு தமிழ் வாயிக்கான் அறியில்லல்லோ," என்றார் ஹரிகுமார். "சார் வாயிச்சு கேள்ப்பிக்கணும். எல்லாருக்கும் முன்னால."

நான் இசக்கியைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வாசித்தேன். ரசவடை வழக்கில் அனுஷா சிரித்து இருமினாள். ஹரிகுமார் தன் பெயர் வரும் இடமெல்லாம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். பழம்பொரிப் பொட்டலத்தில் "அய்யோ, கள்ளம்!" என்று கத்தினார். மூன்றாம் பகுதி முடிந்தது. நாலாம் பகுதியின் தாளை மேலே எடுத்து வைத்தேன். தொண்டையைச் சரிசெய்வதுபோல் நேரத்தைக் கடத்தினேன்.

இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க அண்ணாச்சி. மிச்சத்த நான் சொல்லுதேன்."

பூமாரி அடுப்பைத் தணித்தாள்.

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், போன் வந்தது மாதிரி நடித்ததுவரை. பிறகு என்னிடம், இனி அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார். அதனால்தான் இது உங்கள் கையில் இருக்கிறது.

ஹரிகுமார் என்ன சொன்னார் என்பதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் அவர் என் மொழியில் பேசினார், அவர் மொழியில் பேசவில்லை. விட்டுவிட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருக்கு இத்தனை நாள் கை ஆட்டிய மனிதர். கோபப்படட்டும், வெட்கப்படட்டும், சிரிக்கவும் செய்யட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதைப் பேசவைத்தாலும், அவரை இசக்கிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தே பேசவையுங்கள்.