ஊசி துள்ளிய கேள்வி

"உக்காரும்மா. போன் வந்தா நானே வந்து சொல்றேன்" என்றார் ஏட்டு.

மங்கம்மாள் உட்காரவில்லை. அவள் கொழுந்தன் சின்னதம்பியை மெட்ராசுக்குக் கூட்டிப்போய், பொய்யைக் கண்டுபிடிக்கும் மிஷினில் வைத்துக் கேட்டுவிட்டு, நேற்றுத்தான் அடிவாரத்து ஸ்டேஷனுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். முடிவு போனில் வரும். அவன் சொன்னது பொய் என்று வந்தால், தன் அண்ணனை, அவள் புருஷன் வீரனைச் சுட்டது அவன்தான் என்று கேஸ் எழுதிவிடுவார்கள்.

சாமைக் கொல்லையில் ராக்காவலுக்குப் போன வீரன் நாட்டுத் துப்பாக்கி ரவை பட்டுச் செத்துக் கிடந்தான். அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருந்தது. ஊருக்கு அது போதும். மங்கம்மாளுக்குப் போதவில்லை. தாலியறுத்தவளே கொழுந்தனுக்காக மலையிறங்கிப் போகிறாளே என்று ஊர் சிரித்தது. துணைக்கு வந்தது அவள் அப்பா துரைக்கண்ணு மட்டும்தான்.

கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற சின்னதம்பியிடம் கேட்டாள்: "அந்த மிஷின் இன்னாதான் பண்ணுது?"

"கைல பட்டை கட்னாங்க அண்ணி. நெஞ்சுல ஒரு கொழா சுத்தனாங்க. காகிதம் ஓடிக்கினே கெடந்திச்சி, ஊசி கிறுக்கிக்கினே இருந்திச்சி. நான் ஆஸ்பத்திரின்னு நெனச்சி என் இடுப்பு வலியச் சொன்னேன். மிஷின்காரரு திட்டிட்டாரு."

மங்கம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா? அத்த நம்பாத மங்கா" என்றார் துரைக்கண்ணு. "பயந்தவனுக்கு வேர்க்கும், வேர்த்தா ஊசி ஆடும். கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணவன நம்ப மாட்டாங்களாம், காகிதத்த நம்புவாங்களாம்!"

"சும்மா இரு நைனா. பொய் சொல்லாதவனுக்கு இன்னா பயம்?"

உள்ளே போன் அடித்தது. ஏட்டு போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"அண்ணன சுட்டியான்னு கேட்டதுக்கு இல்லன்னிருக்கான். அது நெசம்தானாம்."

மங்கம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா!" துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "மிஷின் பொய் சொல்லுமா? வெள்ளக்காரன் மூளையாச்சே!"

"இப்பதான பெரியவரே அத்தத் திட்டிக்கினு இருந்த? இரு, இன்னும் முடிக்கல. சுட்டது யாருன்னு தெரியுமான்னும் கேட்டிருக்காங்க. தெரியாதுன்னிருக்கான். அங்கதான் ஊசி துள்ளியிருக்கு. திரும்பத் திரும்பக் கேட்டும் அதே துள்ளல்."

"அது... கோர்ட்டுல செல்லாதுன்றாங்களே ஐயா" என்றார் துரைக்கண்ணு.

"இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட செல்லும். பேரச் சொன்னா வூட்டுக்குப் போலாம். சொல்லலன்னா ஜெயிலு."

மங்கம்மாள் எழுந்து கம்பியைப் பிடித்தாள். "யாரு சின்னதம்பி?"

"மிஷின் தப்பாச் சொல்லுது அண்ணி."

"மொதல்ல சொன்னது மட்டும் சரியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விடு அண்ணி. உனக்குப் புருஷனும் போயி..." என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

புருஷனும் போய், இன்னும் போவதற்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மங்கம்மாள் மெதுவாகத் திரும்பினாள். துரைக்கண்ணு துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"நைனா?"

"கூவல் வரலம்மா."

"இன்னா சொல்ற?"

"காவப் பரண விட்டுக் கொல்லையில எறங்கறவன் கூவிட்டுத்தான எறங்குவான்? நம்ம மலையில அதான வழக்கம்? கூவாம சலசலத்தா பன்னிதான? உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நேரா கொல்லைக்கு வந்து ஓரத்துப் பரண்ல ஏறுனேன். கூவல் வரலம்மா."

"எப்பிடி வரும்? தொண்ட கட்டிப் பேச்சே வரல அவருக்கு! சுக்குத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பனேன்."

துரைக்கண்ணுவுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"வெடிச்சத்தம் கேட்டு ஓடினேன் அண்ணி" என்றான் சின்னதம்பி. "உன் நைனா மாருல அடிச்சிக்கினு கெடந்தாரு. நாந்தான் போவச் சொன்னேன்."

"காலையில சேதி கேட்டு வந்தேன்னு சொன்னியே நைனா! இவன உள்ள வெச்சிட்டு எங்கூட பஸ் ஏறி வந்தியே. வழியில முறுக்கு வாங்கிக் குடுத்தியே."

ஏட்டு பூட்டைத் திறந்தார். சின்னதம்பி வெளியே வந்தான். துரைக்கண்ணு, யாரும் சொல்லாமலே, தலை குனிந்து உள்ளே போனார்.

"போலாம் அண்ணி. கடைசி பஸ்ஸு."

மங்கம்மாள் நகரவில்லை.

"ஐயா, நைனாவுக்கு ராத்திரி சோறு யாரு குடுப்பாங்க?" என்று ஏட்டிடம் கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே திக்கென்றது.