அறுபதையும் கலைத்தவன்

அறுபது ரைபிள் தோட்டாக்களை ஒரே மதியத்தில் தனியாளாகக் கலைத்துப் போட்டவன் டெக்ஸாஸ் மாநிலத்திலேயே நான் ஒருவன்தான். தோட்டாவை ஒரு பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் செருகித் தட்டினால் முனையிலிருக்கும் குண்டு கழன்று வரும். நான் தட்டிய தட்டில் ஹூஸ்டன் வரை கண்ணாடி ஜன்னல்கள் ஆடின, ஆனால் ஒரு பொட்டு வெடிமருந்து தரையில் சிந்தவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், "நான் செஞ்சது தப்பு" என்று மனைவி ஜெயசெல்வியிடம் என் வாயாலேயே சொன்னேன். நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

நம்ப மாட்டீர்கள். அகிலனும் நம்பவில்லை.

அகிலன் என்னோடு இருபத்தாறு வருடம் ரிஃபைனரியில் வேலை பார்த்தவன். சுகர் லேண்டில் எனக்குப் பக்கத்துத் தெரு. ரிட்டையரானதும் இருவரும் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்பினோம். தோட்டாக்களை அவன் கராஜில் நாங்களே தயாரித்தோம். குண்டு செய்யும் கம்பெனி அதற்கென்றே கையேடு வெளியிடுகிறது. குண்டுக்கொரு பக்கம். எந்த மருந்து, எந்த அளவில் ஆரம்பிப்பது, எதைத் தாண்டக் கூடாது, எல்லாம் அதில் உண்டு.

எஞ்சினியருக்கு அது போதுமா? கனமான புதுக் குண்டு வாங்கியபோது, அகிலன் பழைய குண்டின் எண்களை எக்செலில் போட்டுக் கோடு இழுத்தான். உச்ச அளவைத் தாண்டியும் நீட்டினான்.

"பிளான்ட்ல பைப்பை எல்லாம் ஒன்றரை மடங்கு பிரஷர்ல டெஸ்ட் பண்ணோம்ல அண்ணாச்சி? புக்கு போடுறவனும் மார்ஜின் வச்சிருப்பான்."

நானும் மண்டையை ஆட்டினேன். ஆளுக்கு அறுபது செய்தோம்.

மறுநாள் கையேட்டைச் சும்மா புரட்டினால், புதுக் குண்டுக்குத் தனிப் பக்கமே இருந்தது. கனமான குண்டுக்கு மருந்தைக் குறைக்க வேண்டுமாம்; அதன் உச்ச அளவு நாங்கள் போட்டதற்கு வெகு கீழே. என்னுடையதை எல்லாம் கலைத்துவிட்டுப் போன் போட்டேன்.

"ஏலேய், அதைச் சுடாத! ரைபிள் வெடிச்சு கண்ணு போயிரும். என்னோட அறுபதையும் கலைச்சுட்டேன்."

"அறுபதையுமா? ஒரே நாள்லயா?" சிரித்தான். "போன மாசம் சுட்ட பன்னி டொயோட்டா சைஸ்னு சர்ச்சுல சொன்னீங்க. அது என் சூட்கேஸ் சைஸ்கூட இல்ல."

குண்டுகளையும் காலிக் கூடுகளையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். கையேட்டையும் நீட்டினேன்.

"கடையில புதுசா வாங்குனதைக் கொண்டாந்து காட்டுதீங்க. என்னைய பயமுறுத்திட்டு சனிக்கிழமை தனியா வேட்டைக்குப் போகப் பாக்கீங்களோ?"

கையேட்டை அவன் திறக்கவே இல்லை. அவன் சிரித்த சிரிப்பில், பழக்க தோஷம், நானும் சிரித்துவிட்டேன். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். என்னுடைய அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை, முதல் தோட்டாவிலேயே ரைபிள் பிளந்தது. அகிலனுக்கு வலது கண் போனது. இரண்டு விரல்களும்.

மூன்று மாதம் கழித்து, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது நான் தோட்டாக்களைக் கலைத்த கதையை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவை. மேசையே சிரித்தது.

"அங்கிள், சிக்ஸ்டியா?" என்றான் சர்ச்சுப் பையன் சுபின்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அகிலன் இடது கையால் காபியைக் கீழே வைத்தான்.

"சிரிக்காதீங்க. அறுபதையும் கலைச்சாரு. பாட்டில்ல கொண்டாந்து காட்டுனாரு. நாந்தான் புக்கைத் திறக்கல."