பன்னிரண்டு மணிக் கப்பல்

"இங்க கையெழுத்து, பக்கத்துல உறவு" என்று சிறார் இல்லத்துச் சூப்பரின்டென்டென்ட் சிவபிரகாஷ் பேனாவை நீட்டினார்.

பானு பேனாவை வாங்காமல் தாளைப் படித்தாள். தாயார் சொர்ணம்மா இன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்த செய்தியை, பரிட்சை முடியும்வரை மகன் யோகராஜிடம் தெரிவிக்க வேண்டாம் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொள்கிறார்களாம். மனிதர் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர், தமிழை நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

"நான் மறைச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரும்மா. இப்பவே கூப்பிடுன்னா கூப்பிடுறேன். போலீஸ் எஸ்கார்ட் வர ஒரு மணி நேரம் ஆகும். கப்பல் ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போய் முகம் காட்டிட்டுத் திரும்பிடலாம். ஆனா பேப்பர் போச்சு."

சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். கணக்குப் பரிட்சை ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிட்டது. கட்சால் தீவுக்குப் போகும் கப்பல் பன்னிரண்டு மணிக்கு. இதை விட்டால் அடுத்தது ஒன்பது நாள் கழித்துத்தான். ஐஸ் போட்ட பெட்டியில் அம்மாவை ஏற்றியாயிற்று. சித்தப்பா ராக்கப்பன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், இடுப்பொடிந்து படுத்த அப்பா, அவள் முகத்தைப் பார்க்கணும் என்று போனில் அழுதுகொண்டிருக்கிறார்.

ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். போன வருஷம் கூட்டாளிகளோடு சேர்ந்து யாருடைய டிங்கிப் படகிலிருந்தோ என்ஜினைத் திருடிப் பிடிபட்டு, இந்தச் சிறார் இல்லத்துக்கு வந்து சேர்ந்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், புல் வெட்டுகிற வேலைக்குப் பயந்து இங்கே வகுப்பில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்குக் கணக்கு பிடித்துவிட்டது. இன்று ஓப்பன் ஸ்கூல் பத்தாவதின் கடைசிப் பரிட்சை. பாஸானால் ஐ.டி.ஐ. ஹாஸ்டலுக்கு அனுப்புவதாக மாஜிஸ்ட்ரேட் சொல்லியிருக்கிறார். தவறினால் அதே கட்சால், அதே கூட்டாளிகள்.

"பரிட்சை முடியட்டும்டி, அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத" என்று அம்மா நாலு நாளாகக் கட்டிலில் கிடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது காய்ச்சலைப் பற்றி. சாவுக்கும் அது பொருந்துமா என்று யாரைக் கேட்பது? பானுவுக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

கையெழுத்துப் போட்டாள். உறவு: அக்கா.

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆட்டோ வெளியே காத்திருந்தது. ஆனால் இனி தம்பியை எப்போது பார்ப்பது? சாப்பாட்டுக் கூடம்தான் பரிட்சை ஹால் என்று வார்டன் சொல்லியிருந்தார். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அம்மாவின் சேலைகள் நிரம்பிய பச்சைப் பை கையில் கனத்தது. அம்மா இவனைப் பார்க்க வரும்போதெல்லாம் தூக்கி வருகிற பை.

ஜன்னலுக்குள் நாலு பையன்கள். ஓரத்தில் யோகராஜ். ஆள் வளர்ந்திருந்தான். எழுதினான், நிமிர்ந்தான், மறுபடி எழுதினான். அடிக்கடி நிமிர்ந்து வெளியே வெறித்தபோது, யோசித்துப் போடுகிறான் என்று பானு சந்தோஷப்பட்டாள். பாவி, அந்த நேரத்திலும் சந்தோஷப்பட்டாள். அம்மா இதைப் பார்க்கவில்லையே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

பதினொன்றுக்கு ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். கேட்டுக்கு வந்தாள். காவலாளி ஜெகநாதன் ரிஜிஸ்டரை நகர்த்தினார். பேனாவைத் திறக்கும்போது பின்னால் ஓடி வருகிற காலடி கேட்டது.

"யக்கா! போயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்!"

யோகராஜுக்கு மூச்சு வாங்கியது. விரலெல்லாம் மை.

"நீ… பரிட்சை?"

"குடுத்துட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆகாம வெளிய விட மாட்டேன்னு சொல்லிட்டாரு மாஸ்டர். அம்மாவோட பை அப்பவே ஜன்னல்ல தெரிஞ்சிருச்சு. அப்புறம் எங்க கணக்கு ஓடும்? வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏண்டா… ஏண்டா இப்படிப் பண்ணுன?"

"என்னக்கா நீ? பன்னெண்டுக்குக் கப்பல். பதினொன்றரைக்கு ஏணியை எடுத்துருவானுங்க. பரிட்சை முடிச்சு வந்தா நீங்க கடல்ல இருப்பீங்க. அம்மாவப் பாத்து மூணு மாசமாச்சு."

வராந்தாவில் சிவபிரகாஷ், பரிட்சை மேற்பார்வைக்கு வந்திருந்த வாத்தியாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஜமா ஹோ கயா சார். அப் வாபஸ் நஹீ மிலேகா." கொடுத்த தாள் கொடுத்ததுதான், இனி திரும்பக் கிடைக்காதாம். சிவபிரகாஷ் போனை எடுத்து எஸ்கார்ட் கேட்டார். அதே ஒரு மணி நேரம் என்றதும் கடிகாரத்தைப் பார்த்தார். போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பானுவுக்கு, சொல்ல வேண்டியதைத் தவிர எதையாவது கேட்டால் போதும் என்றிருந்தது.

"எத்தன கணக்குப் போட்ட?"

"ஏழு. ஏழும் கரெக்ட்டுக்கா."

"பாஸுக்குக் காணுமா?"

"காணாது." சட்டென்று சிரித்தான். "அத அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போட்டுக் குடுத்துராத. எங்க, அம்மா வெளியவா நிக்குது? ஞாயித்துக்கிழமதான் முலாகாத்து, மத்த நாள் பாக்க முடியாதுன்னு உள்ள விடலியா?"

அவன் ஜெகநாதனிடம் போனான்.

"சாச்சா, கேட்டை மட்டும் துறங்க. நான் தாண்ட மாட்டேன். இங்கேருந்தே பாத்துக்கிறேன்."

ஜெகநாதன் பானுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கினார்.

யோகராஜ் மைக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வெளியே ஆட்டோ மட்டும் நின்றது. கேட்டைத் தாண்டாமல் நின்றபடியே, இடுப்பை வளைத்துக் குனிந்து, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான்.