கிலோ ஒன்பது ரூபாய்

இலை கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போன காலத்தில் லிங்கசாமியின் சத்தம் கட்டபெட்டு பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அதே இலை ஐந்து ரூபாய்க்கு இறங்கியதும் மனுஷன் ஒடுங்கிப்போனார். ஒரு ஏக்கர் தேயிலையை அப்படியே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தால் இரண்டு வாய். காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்கலாம், விலை விழுந்த நோவுக்கு எதை வைப்பது? அவர் மனைவி பங்கஜம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

கோத்தகிரி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவர் தொடவே இல்லை.

"இலைக்கு வெல வந்தா நானே எந்திரிச்சிருவேன். மாத்திர எதுக்கு?"

அந்த வார்த்தையைத்தான் பங்கஜம் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் தங்கள் இலையைப் பறித்துப் போட்டுவிட்டு, கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். சனிக்கிழமை அந்தக் கூலியை, ஃபாக்டரிக்கு இலை வாங்கும் ஏஜெண்டு பாலனிடம் கொடுத்தாள்.

"தம்பி, இதையும் இலைக்காசோட சேத்து அவரு கையில கொடுங்க. கிலோ ஒம்பது ரூவான்னு சொல்லுங்க."

"தெரிஞ்சுபோச்சுன்னா என்னக்கா பண்றது?"

"மொதல்ல எந்திரிச்சு உக்காரட்டும் தம்பி."

ஒன்பது என்று கேட்டதும் லிங்கசாமி எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் சவரம் செய்துகொண்டார். மூன்றாம் வாரம் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். தினமும் எங்கே போகிறாய் என்று கேட்டவரிடம், பிள்ளை பெற்ற தங்கச்சிக்கு ஒத்தாசை என்று பங்கஜம் இன்னொரு பொய் சொன்னாள். அன்று அவர் ரசத்துக்கு மறுசோறு கேட்டபோது அடுப்படிக்குப் போய் அழுதாள். பொய்யாவது ஒண்ணாவது, மனுஷன் சாப்பிட்டாரே.

எழுந்த ஆள் வீட்டோடு கிடப்பாரா? டீக்கடைக்குப் போனார். விலையைச் சொல்லிப் புலம்பியவர்களிடம், "ஒம்பது ரூவா கொடுக்கறாங்களே, இன்னும் என்ன வேணுமுங்க?" என்றார்.

"எங்களுக்கு அஞ்சு, உங்களுக்கு மட்டும் ஒம்பதா?"

கடையே கொதித்தது. நாலு பேர் போய்ப் பாலனின் சட்டையைப் பிடித்தார்கள். லிங்கசாமியும் கூடவே போனார். வேறு வழியில்லாமல் பாலன் உள்ளதைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் சண்டையாவது போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்தவர் பங்கஜத்தின் கையைத் திருப்பிப் பார்த்தார். நகமெல்லாம் காட்டு மண்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமாச்சுங்க."

கையை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று. பிறகு விலை நிஜமாகவே ஏறியது. பாலன் பணத்தோடு ஓடி வந்தான்.

"அண்ணா, சத்தியமாச் சொல்றனுங்க. ஒம்பதரை ஆயிருச்சு."

லிங்கசாமி பணத்தைப் பார்த்தார். அப்புறம் பங்கஜத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நெசந்தானுங்க," என்றாள் அவள். "நான் எங்கயும் போகலீங்க."

"செரி," என்றார். "எனக்காக இனிமே கூலிக்குப் போகாதே பங்கஜம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.